பிள்ளைகள் கையில் கதைப் புத்தகம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"கதைப் புத்தகம் படித்தால் பிள்ளை ஒழுக்கமாக வளருமா சார்?" பெற்றோர் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி. வளரும் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதிதான். ஆனால் அலமாரி அலமாரியாகப் படித்த அயோக்கியர்களும் ஊரில் இருக்கிறார்கள், கைநாட்டு வைக்கும் உத்தமர்களும் இருக்கிறார்கள். 2013-ல் கிட், கஸ்தானோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இலக்கியச் சிறுகதையைக் கொஞ்ச நேரம் படித்தவர்கள், கண்களை மட்டும் காட்டும் படங்களைப் பார்த்து அந்த ஆளின் மனநிலையைக் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்களாம். பத்திரிகைகள் அதைத் தூக்கிக் கொண்டாடின. பிறகு வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இன்று காலையில் கதை, மாலையில் நற்குணம் என்ற கணக்கு செல்லாது.

ஆனால் பல வருஷம் படிக்கிற பிள்ளையிடம் ஒன்று நடக்கிறது. சினிமாவில் ஒருவர் முகத்தைப் பார்க்கிறோம். கதையில்தான் அந்த முகத்துக்குப் பின்னால் ஓடுவது காதில் விழுகிறது. தன்னைப் போல இல்லாத ஒருவரின் நியாயத்தை அவர் தரப்பிலிருந்தே கேட்டுப் பழகிய பிள்ளை, ஒரு சண்டை வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லத் தயங்கும். அந்தத் தயக்கம் பெரிய குணம். பதின்வயதில் இன்னொன்றும் சேர்கிறது. தனக்கு மட்டும்தான் இந்த வெட்கம், இந்தப் பொறாமை, அம்மா மேல் இந்தக் காரணமில்லாத எரிச்சல் என்று புழுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை, அதையே ஒரு கதாபாத்திரம் சொல்லக் கேட்கும்போது கொஞ்சம் மூச்சு விடுகிறது.

இதற்கெல்லாம் பெரிய இடைஞ்சல் பெரியவர்களாகிய நாம்தான். அதனால் செய்யக்கூடாதவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

செய்யக்கூடாதவை

கதை முடிந்ததும் நீதி கேட்காதீர்கள்.

நம் ஊரில் இது பரம்பரை வியாதி. ஈசாப் கதையோ பஞ்சதந்திரக் கதையோ, கடைசியில் 'நீதி' என்று ஒரு வரி தொங்கும். வகுப்பில் அதுவே 'இக்கதை உணர்த்தும் கருத்து யாது?' என்று மதிப்பெண்ணோடு வரும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கதையை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள்.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பெயரில் வந்த தொகுப்புக்கு 1970-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கதைசொல்லிக்குத் தெரிந்த வீட்டுக் குழந்தைகள் மேல் கொள்ளைப் பிரியம். அவர்கள் வந்து புத்தகங்களைக் கலைத்துப் போட்டுச் சண்டை பிடிப்பதுகூட அவருக்குச் சந்தோஷம்தான். வேறு குழந்தைகளுக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் காத்திருக்கிறான் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. கடைசியில் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதை இங்கே சொல்லமாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் எட்டாம் வகுப்பில் இதைப் படித்துக் காட்டினால் வகுப்பு இரண்டாகப் பிரியும். "இவ்ளோ பாசமா இருக்கிறவருக்கு அது தெரியாதா?" என்று ஒரு கட்சி. "அவர் வேணும்னு பண்ணலியே சார்" என்று இன்னொரு கட்சி. வீட்டிலோ வகுப்பிலோ எப்போதும் விட்டுப்போகிற ஒரு பிள்ளை இருக்குமே, அது இரண்டு கட்சியிலும் சேராமல் உட்கார்ந்திருக்கும். இந்த நேரத்தில் ஆசிரியர் எழுந்து போய் 'எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதினால் என்ன ஆகும்? கோபப்பட்டவனும் வக்காலத்து வாங்கியவளும் பேசாமல் இருந்த பிள்ளையும் ஒரே வரியை நோட்டில் எழுதிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். அன்பு வைத்தவரே அறியாமல் காயப்படுத்த முடியும் என்ற சங்கடமான விஷயம் அந்த வரிக்குள் அடங்காது. பிள்ளைக்கு வேண்டியதோ அந்தச் சங்கடம்தான்.

எண்ணிக்கைக்குப் பரிசு வைக்காதீர்கள்.

விடுமுறையில் அதிகப் புத்தகம் படித்தவருக்குக் கேடயம் என்று அறிவித்துப் பாருங்கள். நூலகத்தில் ஒல்லிப் புத்தகங்கள் முதல் நாளே காலியாகிவிடும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். படித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம் கதைச்சுருக்கம் எழுதச் சொல்வதும் இதே ரகம்தான். படித்தால் தண்டனை என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

'குப்பை' என்று பிடுங்காதீர்கள்.

இன்று தமிழில் கனமான நாவல்களைப் படிக்கும் நடுத்தர வயதுக்காரர்களிடம் கேளுங்கள், எங்கே தொடங்கினீர்கள் என்று. பாதிப் பேர் இரும்புக்கை மாயாவி என்பார்கள். 1972-ல் சிவகாசியிலிருந்து கிளம்பிய முத்து காமிக்ஸ், 1947 முதல் வந்த அம்புலிமாமா, வாண்டுமாமாவின் மாயாஜாலக் கதைகள், ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள். கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்த தலைமுறை அது. பிறகு 'பொன்னியின் செல்வன்', பிறகு ஜெயகாந்தன் என்று வண்டி நகர்ந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு ஜப்பானிய மாங்கா, ஹாரி பாட்டர், கைபேசியில் தொடராக வரும் காதல் கதைகள். அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்போடு பக்கம் புரட்டும் பழக்கம் முதலில் வரட்டும். அது இல்லாதவர் கையில் புதுமைப்பித்தனைக் கொடுத்தால் அது வீட்டுப்பாடம். ஒரே மாதிரிக் கதையிலேயே வருஷக்கணக்கில் சுற்றுகிறதே என்று தோன்றினால் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் வேறொன்றை வைத்துவிட்டுப் போங்கள்.

இருட்டான கதைகளை மறைக்காதீர்கள்.

இதில் பெற்றோர்கள் என்னோடு அதிகம் சண்டைக்கு வருவார்கள். சாவு, சாதி, வறுமை, பாலியல் அத்துமீறல் எதுவும் பிள்ளை கண்ணில் படக்கூடாது என்பார்கள். அதே வீட்டில் இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சித் தொடரில் விஷம் வைப்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' ஒரு சிறுமிக்கும் பேசும் மரப்பாச்சிக்கும் நடக்கும் கதை. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி, பயமுறுத்தாமல் சொல்கிறது. 2020-ல் சாகித்ய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று வகுப்பில் படம் போட்டுச் சொல்வதை எல்லாப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்கின்றன. கதையில் அது நடப்பது தன்னைப் போன்ற ஒரு பெண்ணுக்கு. அவளுக்கு எப்போது பயம் வந்தது, யாரிடம் சொல்லத் தயங்கினாள் என்பதெல்லாம் கூடவே வருகிறது. வாய் திறக்க அது துணை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்டதற்காக அடிபடும் ஒரு மாணவி, அடி வலிக்காமல் இருக்க என்ன வழி என்று அறிவியல் மூளையோடு யோசிக்கிறாள். முடிவு கொடுமையானது. அதைப் படித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களைப் பார்க்கும் பார்வை ஒரு வாரத்துக்குச் சரியாக இருக்காது. இருக்க வேண்டாம்.

வயது பார்க்கத்தான் வேண்டும். எட்டு வயதுக்கு 'ஆயிஷா' கொடுக்கச் சொல்லவில்லை. துயரமான கதையை இரவு படுக்கப்போகும் நேரத்தில் தனியாகப் படிக்க விட்டுவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. பக்கத்தில் ஆள் இருந்தால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நிறையத் தாங்கும்.

கைபேசிக்கு மாற்றாகப் புத்தகத்தை நிறுத்தாதீர்கள்.

"போனை வை, புக்கை எடு." இந்த ஒரு வாக்கியம் போதும், புத்தகம் ஜென்ம விரோதி ஆகிவிடும்.

கதாநாயகனைக் காட்டித் திட்டாதீர்கள்.

"பார், அந்தப் பையன் அம்மாவுக்கு எப்படி உதவுறான்?" என்று தொடங்கினால் அந்தப் பையன் அத்தோடு ஒழிந்தான். பெண்பிள்ளைக்குச் சமையலறைக் கதை, ஆண்பிள்ளைக்குச் சாகசக் கதை என்று பிரித்து வாங்குவதையும் இதோடு விட்டுவிடலாம். அழுகிற ஆண்பிள்ளைகளைக் கதையிலாவது பையன்கள் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியவை

வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிள்ளைக்குப் படிக்கத் தெரிந்த பிறகும்.

எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் படித்துக் காட்டுவதை நிறுத்திவிடுகிறோம். நிறுத்தக்கூடாத காலம் அதுதான். தமிழில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், அச்சில் வருவது வேறு தமிழ். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளை சினிமா வசனத்தைத் தலைகீழாகச் சொல்லும், நாலு வரி கட்டுரைத் தமிழைப் படிக்கச் சொன்னால் திணறும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடுகிறோம். காதுக்குப் பழகாத மொழியைக் கண் தொடர முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

குரல் கொடுத்துப் படித்தால் இந்தப் பள்ளம் நிரம்பும். கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையைக் கண்ணால் படிக்கும் பிள்ளைக்குக் கரிசல்காட்டுப் பேச்சு முதலில் தட்டும். நீங்கள் ராகத்தோடு படித்துக் காட்டினால், வீட்டுக் கதவில் ஏறி 'பஸ்' விட்டு விளையாடும் அந்தக் குழந்தைகளோடு இதுவும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிவிடும். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும் இடத்தில், கதவு இல்லாத வீடு என்றால் என்ன என்று அதற்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. ராகம் வராதே என்று கவலைப்பட வேண்டாம். பாட்டிகள் யாரும் பயிற்சி எடுத்துக்கொண்டு கதை சொல்லவில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரை கேட்பார்கள். அதற்குமேல் வெட்கப்படுவார்கள். அப்போது அவர்களைத் தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடியும் கொடுங்கள், சன்னலும் கொடுங்கள்.

அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-ல் சொன்ன கருத்து இது. சில புத்தகங்களில் பிள்ளை தன் முகத்தைப் பார்க்கிறது, சில புத்தகங்கள் வழியாகப் பிறர் வீட்டைப் பார்க்கிறது. தன் முகமே வராத புத்தகங்களைப் படித்து வளரும் பிள்ளை, கதை என்பது தன்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடும். தன் முகம் மட்டுமே வரும் புத்தகங்களைப் படிக்கும் பிள்ளைக்கு உலகமே தன் வீடுதான் என்ற நினைப்பு வந்துவிடும்.

நம் நகரத்துப் பிள்ளைகளுக்கு சன்னல் நிறைய. கதைகளில் இங்கிலாந்துப் பிள்ளைகள் சுற்றுலாவில் தின்ற பலகாரங்களின் பெயர் தெரியும், பக்கத்துத் தெருவில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரியாது. அவர்களுக்குக் கி.ரா.வின் 'பிஞ்சுகள்' கொடுக்கலாம். பள்ளிக்கூடத்தைவிடப் பறவைகள் மேல் கண்ணாக இருக்கும் ஒரு பையனின் கதை. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-ல் பால புரஸ்கார் பெற்றது. அதைப் படித்த பிள்ளைக்குக் கீழடி அருங்காட்சியகத்தின் ஓடுகள் வெறும் ஓடுகளாகத் தெரியாது.

கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சன்னல் போதவில்லை. 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' தமிழில் கிடைக்கிறது. தெத்சுகோ குரோயாநாகி 1981-ல் ஜப்பானில் வெளியிட்ட தன்வரலாறு. முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பெண்ணை, ரயில்பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருந்த தலைமையாசிரியர் கோபயாஷி சேர்த்துக்கொள்கிறார். முதல் நாள் அவள் பேசுவதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். 'வாலு' என்று முத்திரை குத்தப்பட்ட நம் ஊர்ப் பையனுக்கு அந்த ஜப்பானியச் சிறுமி சன்னலாக வந்து கண்ணாடியாகிவிடுகிறாள். போலியோவால் பாதிக்கப்பட்ட நண்பனை அவள் மரத்தில் ஏற்றும் இடம் வந்தால், மாற்றுத்திறனாளிகளிடம் அன்பு காட்ட வேண்டும் என்ற பாடத்தை நீங்கள் தனியாக நடத்த வேண்டியதில்லை. ஆசிரியர்களும் படிக்கலாம். கொஞ்சம் உறுத்தும், பரவாயில்லை.

பாதியில் மூடிவைக்க உரிமை கொடுங்கள்.

பிரெஞ்சு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான தானியேல் பென்னாக் 1992-ல் வாசகருக்கான பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். முதல் உரிமையே படிக்காமல் இருக்கும் உரிமைதான். பக்கம் தாண்டுவது, முடிக்காமல் விடுவது, படித்ததையே திரும்பப் படிப்பது எல்லாம் அதில் உண்டு. "காசு கொடுத்து வாங்கினது, முடிச்சுட்டு வை" என்பது இட்லிக்குச் செல்லும், புத்தகத்துக்குச் செல்லாது. எனக்கு இது பிடிக்கவில்லை என்று சொல்லக் கற்பதே ஆளுமையின் தொடக்கம்.

பதில் தெரியாத கேள்விகளைக் கேளுங்கள்.

எதுவுமே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கே விடை தெரியாததைக் கேட்டால் அது பேச்சு, தெரிந்ததைக் கேட்டால் தேர்வு. "யார் மேல உனக்குக் கோபம் வந்துச்சு?" "அவ பொய் சொன்னது சரின்னு நினைக்கிறியா?" "இந்த இடத்துல நீ இருந்தா?" பிள்ளை உங்களுக்குப் பிடிக்காத பதிலைச் சொல்லும். சொல்லட்டும். கெட்டவனுக்காக வாதாடும் பிள்ளை கெட்டுப்போகவில்லை, யோசிக்கிறது.

பேச்சுக்குள் ஒரு சினிமாவையும் இழுக்கலாம். 'அசுரன்' பார்க்காத பத்தாம் வகுப்புப் பையன் கிடையாது. அதன் மூலம் பூமணியின் 'வெக்கை' என்றும், கொலை செய்துவிட்டு அப்பாவோடு ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையனின் கதை என்றும் சொல்லிப் பாருங்கள். வாங்கிக்கொண்டு போவான். நாவலில் சண்டைக்காட்சியைத் தேடினால் கிடைக்காது. காட்டிலும் கரட்டிலும் கிடைத்ததைத் தின்றுகொண்டு அப்பனும் மகனும் பேசிக்கொண்டே இருப்பார்கள். "படத்துல ஏன் இது வரலை?" என்று அவன் வந்து கேட்டால் நல்ல வாசகன் ஒருவன் கிடைத்துவிட்டான்.

பதின்வயதுக்காரர்களைத் தனியாக விடுங்கள்.

ஆன் ஃபிராங்க் 13-வது பிறந்தநாளில் கிடைத்த நோட்டில் எழுதத் தொடங்கினாள். யுத்தமும் தலைமறைவு வாழ்வும் அதில் இருக்கின்றன. அம்மாவோடு ஒத்துப்போகாத எரிச்சலும் இருக்கிறது. உங்கள் மகள் அந்தப் பக்கத்தில் நின்று இரண்டு தடவை படித்தால், உங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று விசாரணை வைக்காதீர்கள். 18 வயதை நெருங்குபவர்களுக்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' இருக்கிறது. நிஜாமின் ஹைதராபாத் நிலைகுலையும் நாட்களில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாக இருந்த ஓர் இளைஞன், கலவரத்தின் நடுவில் தன்னையே கண்டு கூசி நிற்கும் கதை. அதைப் படித்தவன் ஒன்றும் பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நீங்கள் படிப்பதைப் பற்றிப் பேசுங்கள்.

பெற்றோர் படித்தால் பிள்ளை படிக்கும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். முழு உண்மை இல்லை. மூலையில் வாயைத் திறக்காமல் படிக்கும் அப்பாவைப் பார்த்துப் புத்தகத்தை வெறுத்த பிள்ளைகளும் உண்டு. சாப்பிடும்போது "இந்தக் கதையில ஒருத்தன் வர்றான் பாரு" என்று ஆரம்பியுங்கள்.

நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.

மேலே சொன்ன எல்லாப் புத்தகங்களையும் விலைக்கு வாங்குவது பல வீடுகளில் நடக்காத காரியம். வாங்கவும் வேண்டாம். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் ஒன்று உண்டு என்பதை நூலகத்துறையின் விதியாகவே 1931-ல் எழுதிவைத்தவர். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே பெரிய பகுதிகள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஊரிலேயே கிளை நூலகம் இருக்கும். கேட்ட புத்தகம் அங்கே இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் வாங்குவார்கள்.

சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் நம்மிடம் வாங்குகிறார்கள். கொடுத்த காசுக்குப் புத்தகம் எடுத்துப் படிக்க வேண்டாமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அதன் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை.